புகை போன வழி

வீட்டில் அடுப்பு எரிந்தால் புகை எங்கே போகிறது? புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது என்று நம்மில் பலர் சொல்வோம். விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். பாதி ஆகாயத்துக்குப் போகிறது. மீதி சுவரிலும் உத்தரத்திலும் பரணிலும் ஒட்டிக்கொள்கிறது. பொங்கலுக்கு முன்னால் ஒருத்தி முந்தானையை மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டு, ஒட்டடைக் கோலால் அதைத் தட்டி எடுக்கிறாள். புகைபோக்கியைக் கட்டிய கொத்தனாரின் கெட்டிக்காரத்தனத்தைப் பேச ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ஒட்டடை அடித்தவளை யார் நினைக்கிறார்கள்?

டீஸல் எஞ்சினின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது எனக்கு இந்த ஒட்டடைக் கோல்தான் அடிக்கடி ஞாபகம் வந்தது. எஞ்சினைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அதன் புகையைக் கண்டு பயந்தவர்களைப் பற்றியும் இருக்கின்றன. புகையை அடக்கப் போட்ட சட்டங்களை அடுக்கினால் ஒரு பீரோ கொள்ளாது. ஆனால் அடக்கிய புகை எங்கே போயிற்று, அதைத் துடைத்தவர் யார் என்ற கேள்வியை மட்டும் சரித்திரக்காரர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. 2015-ம் வருஷத்தில் உலகமெல்லாம் நாறிப்போன ஒரு பெரிய மோசடிக்கும் இந்தத் துடைக்கிற வேலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் மூலபுருஷரைப் பார்த்துவிடுவோம்.

ருடால்ஃப் டீஸல் 1858-ல் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். தாய் தந்தையர் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளை மூனிக் நகரத்தில் லிண்டே என்ற பேராசிரியரிடம் படித்தான். நீராவி எஞ்சினில் போடுகிற நிலக்கரியின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்குகூட உருப்படியான வேலையாக மாறுவதில்லை என்பதை ஆசிரியர் வகுப்பில் எடுத்துச் சொன்னார். மற்ற மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். டீஸலுக்கு அது மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. 1892-ல் புதிய எஞ்சின் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். அடுத்த வருஷம் ஆக்ஸ்பர்க் யந்திரத் தொழிற்சாலையில் பரீட்சை ஆரம்பித்தது. 1897 பிப்ரவரியில் ஒரு பேராசிரியர் வந்து முறைப்படி அளந்து பார்த்தபோது, எரிபொருளின் உஷ்ணத்தில் 26 சதவிகிதம் வேலையாக மாறியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத கணக்கு.

இதன் ரகசியம் வெகு எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பாகம் சுடுவது தெரியும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். அளவுக்கு மீறி நெருக்கினால், அதிலே எண்ணெயைத் தெளித்த மாத்திரத்தில் தானே பற்றிக்கொள்ளும். நெருப்புப் பொறி வேண்டாம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதிலேயே வம்பும் இருந்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எண்ணெயும் முன்கூட்டியே கலந்து உள்ளே போகின்றன. டீஸல் எஞ்சினிலோ கடைசி க்ஷணத்தில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய காற்று கிடைப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. காற்றுக் கிடைக்காத துளி கரியாகிறது. பழைய பஸ் மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து புறப்பட்ட கறுப்பு மேகத்தின் பிறப்பு இதுதான்.

ஆக்ஸ்பர்க்கில் எரிபொருளை அளந்தார்கள், உஷ்ணத்தை அளந்தார்கள், குதிரை சக்தியை அளந்தார்கள். புகையைக் கவலைப்பட்டு அளக்கும் காலம் அப்போது பிறக்கவில்லை. டீஸலின் ஆசை வேறு விதமானது. பெரிய ஆலை முதலாளியோடு சிறு பட்டறைக்காரனும் போட்டி போடுவதற்கு மலிவான சக்தி வேண்டும் என்று அவர் கனவு கண்டார். நல்ல மனிதர். கடைசியில் கடன் தொல்லையில் சிக்கினார். 1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பலில் தம் அறைக்குப் போனவரை மறுநாள் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் அகப்பட்டது. தாமே விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்று துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சின் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் கப்பலிலும், பிறகு லாரியிலும், டிராக்டரிலும், ரயிலிலும் ஏறிக்கொண்டது.

புகைக்கு மனிதர்கள் பயந்தது சாவகாசமாகத்தான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரத்தை ஒரு புகைமூட்டம் கவிந்துகொண்டது. நாலாயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பன்னிரண்டாயிரம் இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பிரதான குற்றவாளி வீட்டுக் கணப்புகளின் நிலக்கரி. ஆனால் அதே வருஷம் ஜூலை மாதத்தில்தான் லண்டனின் கடைசி டிராம் வண்டியை மாலை போட்டு அனுப்பாத குறையாக அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் டீஸல் பஸ்களை ஓடவிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கறுப்புப் புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத புகை ஒன்று உண்டு என்று காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். இவர் கலிபோர்னியாவில் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எவ்வளவு இன்பமான உத்தியோகம்! ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரிச்சலும் மூச்சு முட்டலும் அதிகமாகவே, அன்னாசியை வைத்துவிட்டு ஊர்க் காற்றை முகர்ந்து பார்க்கும்படி அவரைக் கேட்டார்கள். மோட்டார் வண்டிகள் விடும் வாயுக்களில் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற வர்க்கம் இருக்கிறது. அது வெயிலில் மற்ற ஆவிகளோடு கூடி ஓசோனாகிக் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கிறது என்று 1950-களின் ஆரம்பத்தில் அவர் நிரூபித்தார்.

இந்த நைட்ரஜனைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவிகிதம் இதுதான். பெரிய விரக்தர். சாதாரணமாக யாரோடும் சேரமாட்டார். ஆனால் எஞ்சினுக்குள் எழுகிற உக்கிரமான ஜ்வாலையில் அவருடைய தவமும் கலைந்துவிடுகிறது. பிராணவாயுவோடு கூடி ஆக்ஸைடாகிவிடுகிறார். உஷ்ணம் ஏற ஏற இந்த விவகாரம் மிக வேகமாக வளருகிறது. சரி, உஷ்ணத்தைக் குறைத்தால் போயிற்று என்பீர்கள். குறைத்தால் எண்ணெய் சரியாக எரியாமல் கரி அதிகமாகிறது. கரியை எரிக்க உஷ்ணத்தை ஏற்றினால் நைட்ரஜன் கிளம்புகிறது. எஞ்சினியர் பாடு மத்தளத்தின் பாடாயிற்று. டீஸல் எஞ்சினின் பிற்காலச் சரித்திரம் பூராவும் இந்த இரண்டு இடிக்கு நடுவில் நடந்த கதைதான்.

உஷ்ணத்தைத் தணிக்க ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். எஞ்சின் விட்ட மூச்சில் ஒரு பகுதியை அதையே மறுபடி இழுக்கச் செய்வது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிறது? விட்ட காற்றையே இழுப்பதால் மந்தமாகிறது. எஞ்சினுக்கும் அப்படியே. ஒருமுறை எரிந்த வாயுவில் பிராணவாயு குறைவு. உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும் கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். ஜ்வாலையின் உக்கிரம் அடங்குகிறது. நைட்ரஜனின் தவம் கலைவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பட்டறைகளில் ஈ.ஜி.ஆர். என்று பெயர். அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. பிற்பாடு டீஸலுக்கும் வந்தது.

வந்ததும் என்ன ஆயிற்று? வெளியே போய்க்கொண்டிருந்த கரியில் ஒரு பங்கு உள்ளே திரும்ப ஆரம்பித்தது. எஞ்சினுக்குள்ளிருந்து வருகிற எண்ணெய் ஆவியும் அதே வழியில் போகிறது. இரண்டும் கூடினால் எப்படியிருக்கும் என்பதற்கு, தினம் அப்பளம் பொரிக்கிற வீட்டின் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தால் போதும். ஊர்ப் புகை குறைந்தது. எஞ்சினின் தொண்டையில் பிசுக்கு ஏறியது.

சேலம் போகிற நெடுஞ்சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் இந்தத் தொண்டையைச் சுத்தம் செய்வதை ஒரு நாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றி எடுத்த வால்வு கருங்கல்லில் செதுக்கியது போலிருந்தது. விரல் நுழைகிற துவாரம் குண்டூசி நுழைகிற அளவுக்கு அடைந்து கிடந்தது. வால்வின் தட்டு பாதி திறந்தபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. திறந்தே ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற இடத்தில் உதறும், மேட்டில் இழுக்காது, கறுப்பாகக் கக்கும். மூடியே ஒட்டிக்கொண்டால் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. நைட்ரஜன் மட்டும் தெருவுக்குப் போகும். இந்த இரண்டில் லாரிக்காரர் முதலாவதற்குத்தான் பட்டறைக்கு வருவார். இரண்டாவதற்கு ஏன் வரப்போகிறார்?

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். வேகமில்லாத கை. கூட இருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டப் போனான்.

"டேய், வை கீழே! கோடு விழுந்தா வால்வு மூடாதுடா" என்று அதட்டினார். கரியைக் கரைக்கிற திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற வைத்தார். மோட்டார் இருக்கும் பக்கத்தை நனையாமல் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்பு ரசம் தட்டில் இறங்கியது. மறுபடி ஊற்றினார், மறுபடி தேய்த்தார். உள்ளே காற்றுப் போகும் குழாயையும் அப்படியே. சூட்டைத் தணிக்கிற கூலரில் தண்ணீர் கசிகிறதா என்று தனியாகப் பார்த்தார். பழைய பாக்கிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். எல்லாம் முடிந்தபின் ஸ்கேனரை மாட்டி, வால்வு மூடிய நிலை எது என்று கம்ப்யூட்டருக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தார். காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் முடிந்தது.

"எல்லாரும் இப்படிச் சுத்தம் பண்ணிக்கொள்கிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்கே சார்! நாலு பேர் வந்தா மூணு பேர் 'அண்ணே, நடுவிலே ஒரு தகடு வெச்சு அடைச்சுக் கொடுங்க'ன்னுதான் கேக்கறாங்க. அடைக்கிறது பத்து நிமிஷம். சுத்தம் பண்றது அரை நாள். அரை நாள் வண்டி நின்னா, தவணை நிக்குமா சார்?"

"நீங்கள் அடைத்துக் கொடுப்பீர்களா?"

"நான் மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க." சிறிது நேரம் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். "புது வண்டியிலே தகடு வெச்சா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். விளக்கு எரியும், இழுவையைக் குறைச்சிடும். அதுக்கும் ஸாஃப்ட்வேரிலே வழி பண்ணிக் கொடுக்க ஆள் இருக்காங்க சார்."

தவணை கட்டுகிறவனைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதே சமயம், அவன் வண்டி போகிற சாலையோரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த அரை நாளின் விலையை யார் கொடுப்பது என்பதும் நியாயமான கேள்விதான். டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 2012 ஜூன் மாதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அறிவித்துவிட்டது.

ஸாஃப்ட்வேரில் வழி பண்ணிக் கொடுக்கிற அந்த ஆட்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவதற்கு முன்னால், அவர்களுடைய குருநாதர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1998 அக்டோபரில் அமெரிக்க ஸர்க்கார் காட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ முதலிய ஏழு பெரிய லாரி எஞ்சின் கம்பெனிகளோடு ஒரு வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. பரீட்சைச் சாலையில் ஓடும்போது ஒரு விதமாகவும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எண்ணெயைச் சிக்கனம் செய்து நைட்ரஜன் ஆக்ஸைடைத் தாராளமாக விடும்படியும் எஞ்சின் கம்ப்யூட்டர்களை அமைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. சம்பந்தப்பட்ட எஞ்சின்கள் சுமார் 13 லட்சம். அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர். 2004-ல் வரவேண்டிய கடுமையான விதியை 2002 அக்டோபரிலேயே நிறைவேற்றுவதாகப் பெரும்பாலான கம்பெனிகள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய லாரிகளில் குளிரூட்டிய ஈ.ஜி.ஆர். பரவலாகப் புகுந்தது இப்படித்தான். பட்டறைகளில் பிரஷ்களுக்கு வேலை வந்ததும் இப்படித்தான்.

கரிக்கு வேறொரு சிறைச்சாலை கட்டினார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி; ஒன்றுவிட்டு ஒன்றாக அதன் துவாரங்கள் அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரை ஊடுருவித்தான் வெளியே போக முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும். 2000-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துப் பியூஜோ கம்பெனி இதைத் தன் 607 என்ற காரில் பொருத்தி விற்றது. சிறை நிறைந்தால்? சுமார் 600 டிகிரி உஷ்ணமாக்கிக் கரியை அங்கேயே எரித்துவிடுவார்கள். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது சுலபம். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் போய் வருகிற வண்டிக்கு அந்த உஷ்ணம் பிறப்பதே இல்லை, மூச்சுத் திணறுகிறது. கரி எரிந்தாலும் எரியாத ஒன்று மிஞ்சுகிறது. அது எஞ்சின் எண்ணெயில் கலந்துள்ள சுண்ணச்சத்து, துத்தநாகம் முதலியவற்றின் சாம்பல். அதை எந்தத் தீயும் தொடாது. ஆயிரக்கணக்கான மைல்களுக்குப் பிறகு ஒருவர் கழற்றி, சூளையில் சுட்டு, பின்பக்கத்திலிருந்து காற்றை ஊதி, அந்தத் தூளைத் தம் மூக்கில் ஏறாமல் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. நம் தேசத்தில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி பாரத் ஆறாம் நிலை விதி வந்தபோது, டீஸலில் கந்தகத்தைப் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்காகக் குறைத்தார்கள். புகையைச் சுத்தம் செய்கிற சாமான்களுக்குக் கந்தகம் விஷம் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். அதோடு யூரியாத் திரவமும் லாரிகளில் ஏறியது. நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். அதைப் புகையில் தெளித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு மறுபடி சாது நைட்ரஜனாகிவிடும். தெளிக்கிற மூக்கில் உப்புப் படிந்தால் அதையும் துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

இப்போது அந்த 2015-ம் வருஷத்துக் கதை.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி சுத்தமான டீஸல் என்று விளம்பரம் செய்து அமெரிக்காவில் கார் விற்றது. அந்த நாட்டின் நைட்ரஜன் விதியையும் நிறைவேற்றி, வாங்குகிறவர்கள் விரும்பும்படியும் எஞ்சின் செய்ய முடியவில்லை என்று 2006 வாக்கில் அதன் எஞ்சினியர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே காருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சை நடப்பதைக் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்தால் சுத்தமாக இருக்கும். தெருவுக்கு வந்தால் வேஷத்தைக் கலைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருகிறது. 2012 வாக்கில் சில கார்களின் பாகங்கள் பழுதாகி வர ஆரம்பித்தன. எஞ்சினியர்கள் மண்டையைக் குடைந்துகொண்டு ஒரு யூகத்துக்கு வந்தார்கள். இந்தக் கார்கள் தெருவில் ஓடும்போதும் பரீட்சை என்று ஏமாந்துபோய்ச் சுத்தமாகவே இருந்துவிடுகின்றன. நீண்ட நேரம் சுத்தமாக இருக்கும்படி இவற்றை நாம் செய்யவில்லையே. அதனால்தான் புகைச் சுத்திகரிப்புச் சாமான்கள் தேய்கின்றன! பொய் சொல்லப் பழக்கிய பிள்ளை தவறிப்போய் உண்மை பேசிவிட்ட மாதிரி. உடனே வேஷத்தைச் செம்மைப்படுத்தினார்கள். பரீட்சைச் சாலையில் கார் உருளைமேல் நிற்பதால் ஸ்டீயரிங் சக்கரத்தை யாரும் திருப்புவதில்லை. சக்கரம் திரும்பினால் இது தெரு என்று கார் தெரிந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பழைய கார்களுக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே? சொந்தக்காரர்கள் பராமரிப்புக்காக வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது, இது வண்டியை மேம்படுத்துகிற வேலை என்று சொல்லி அதை ஏற்றி அனுப்பினார்கள். பட்டறைக்கு வருவதே அழுக்கைப் போக்கத்தான் என்று நாம் நினைக்கிறோம். அங்கேயே அழுக்கு விடுவதற்கு உபதேசம் நடந்தது! இவை ஊர் வதந்தி அல்ல. 2017-ல் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது சமர்ப்பிக்கப்பட்ட பத்திரத்தில் உள்ளவை.

கண்டுபிடித்தவர்கள் போலீஸார் அல்ல. மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் ஒரு சிறு குழு. அரவிந்த் திருவேங்கடம் என்ற நம்மவர் ஒருவரும் அதில் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அளக்கும் கருவியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு 2013-ல் நிஜமான சாலையில் போனார்கள். ஒரு கார் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸீயாட்டில் வரையில் போய்த் திரும்பியது. மோசடி பிடிக்கப் போனவர்கள் அல்ல அவர்கள். அமெரிக்க டீஸல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று ஐரோப்பாவுக்கு எடுத்துக்காட்டப் போனவர்கள். விதித்த அளவைப் போல ஒரு காரில் 15 முதல் 35 மடங்கும், இன்னொன்றில் 5 முதல் 20 மடங்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு வந்தது. முதலில் தங்கள் கருவியைத்தான் சந்தேகித்தார்கள். 2015 செப்டம்பர் 18-ந் தேதி அமெரிக்க ஸர்க்கார் விஷயத்தைப் பகிரங்கமாக்கியது. உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த வித்தை இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் கிரிமினல் அபராதம் மட்டும் 280 கோடி டாலர்.

அந்த நாட்டில் விற்ற கார்களைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொள்ளவோ பழுது பார்த்துக் கொடுக்கவோ வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. லட்சக்கணக்கான கார்கள் திரும்பி வந்தன. எங்கே நிறுத்துவது? மிச்சிகனில் கைவிடப்பட்ட ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நிறுத்தினார்கள். கலிபோர்னியாவின் விக்டர்வில் பாலைவனத்தில் பழைய விமானங்களை நிறுத்தும் தளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 2018-ல் இப்படி 37 இடங்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை நான் பார்த்திருக்கிறேன். உலரப் போட்ட வடகம் மாதிரி இருந்தது. அவை கெட்டுப்போகாமலிருப்பதற்காக அங்கேயே ஆட்களை வைத்து, ஒழுங்காகப் பராமரித்து வருவதாகக் கம்பெனி அறிவித்தது.